இதயம் எதை எரிக்கிறது? – சேர் ஹான்ஸ் கிரெப்ஸின் வாழ்வும் பணியும்



உங்கள் மணிக்கட்டில் விரலை வைத்து நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள். ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 72 துடிப்புகள் இருக்கும். 72 ஐ 60 ஆலும் பின்னர் 24 ஆலும் பெருக்கினால் ஒரு நாளைக்கு 103,680 துடிப்புகள் என விடை வரும். நீங்கள் பரீட்சை மண்டபத்தில் இருந்தாலும் நித்திரையில் இருந்தாலும் இந்த வேலை நிற்பதில்லை. கை வலித்தால் பேனாவை வைத்துவிட்டுச் சிறிது ஆறலாம். இதயத்துக்கோ ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட கணப்பொழுதே ஓய்வு.

வேலை செய்யச் சக்தி வேண்டும். சக்தி பெற எரிபொருள் வேண்டும். கலச்சுவாசம் என்னும் பாடத்தில், குளுக்கோசு ஒட்சிசனுடன் தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டு, நீர், சக்தி என்பவற்றைத் தருகிறது என்று பலமுறை எழுதியிருப்பீர்கள். அது சரியான விடையே. ஆயினும் உங்கள் இதயத்தசை சாதாரண வேளைகளில் தனது சக்தியின் பாதிக்கு மேற்பட்ட பங்கைக் குளுக்கோசிலிருந்து பெறுவதில்லை; கொழுப்பமிலங்களிலிருந்தே பெறுகிறது. அப்படியானால் குளுக்கோசுக்கு ஓர் அடுப்பும் கொழுப்புக்கு வேறோர் அடுப்பும் கலத்தினுள் உள்ளனவா? இல்லை. இறுதியில் இரண்டும் ஒரே அடுப்பில்தான் எரிகின்றன. அந்த அடுப்பைக் கண்டறிந்தவரே சேர் ஹான்ஸ் அடொல்ப் கிரெப்ஸ். உயர்தரத்தில் உயிரியல் கற்கப்போகும் மாணவர்கள் அவரது பெயரால் அமைந்த கிரெப்ஸ் வட்டத்தை விரிவாகக் கற்பீர்கள். இங்கு அவருடைய வாழ்க்கையையும், அவரது கண்டுபிடிப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பையும் நோக்குவோம்.

இளமையும் கல்வியும்

கிரெப்ஸ் 1900 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆம் திகதி ஜேர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் கேயோர்க் கிரெப்ஸ் காது, மூக்கு, தொண்டை நோய்களுக்குச் சிகிச்சை செய்யும் சத்திரசிகிச்சை வைத்தியர். மகனும் அவர் வழியில் வைத்தியத்துறையையே தெரிவுசெய்தார். முதலாம் உலகப் போரின் கடைசிக் காலமான 1918 இல் சிறிது காலம் படையிற் பணியாற்றிய பின்னர், கோட்டிங்கன், பிரைபேர்க், மியூனிக், பேர்லின் ஆகிய நகரங்களிலுள்ள பல்கலைக்கழகங்களிற் கற்றார். 1925 இல் ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில் வைத்தியக் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

நோயாளரைப் பார்ப்பதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. உண்ட உணவு உடலினுள் எவ்வாறு மாறுகிறது என்னும் கேள்வி அவரை ஆய்வுகூடத்தின் பக்கம் இழுத்தது. 1926 இல் பேர்லினில் ஓட்டோ வார்பேர்க் என்னும் பேரறிஞரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மிக மெல்லியதாக வெட்டிய இழையத் துண்டை உயிருடன் வைத்து, அது எவ்வளவு ஒட்சிசனை உறிஞ்சுகிறது என்பதைக் கண்ணாடிக் குழாயிலுள்ள திரவமட்டத்தின் ஏற்ற இறக்கத்தால் அளக்கும் முறையை வார்பேர்க் கையாண்டு வந்தார். கிரெப்ஸ் நான்கு ஆண்டுகள் அங்கு கற்றுக்கொண்ட பெருஞ்செல்வம் இந்த அளவீட்டு முறையே. பின்னாளில் அவர் கண்டவை யாவும் இத்தகைய பொறுமையான அளவீடுகளிலிருந்து பிறந்தவை என்பதை மனதிற் கொள்ளுங்கள்.

முதலாவது வட்டம்

1931 இல் கிரெப்ஸ் பிரைபேர்க் பல்கலைக்கழக வைத்தியசாலையில் பணியில் அமர்ந்தார். அங்கு குர்ட் ஹென்செலைட் என்னும் மாணவருடன் சேர்ந்து, ஈரலில் யூரியா உருவாகும் விதத்தை ஆராய்ந்தார். புரதங்கள் உடைக்கப்படும்போது உண்டாகும் அமோனியா நச்சுத்தன்மையானது. ஈரல் அதனை யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் அதனை வெளியேற்றுகிறது. ஈரல் துண்டுகளுக்கு ஓர்னிதைன் என்னும் அமினோ அமிலத்தைச் சிறிதளவு சேர்த்தபோது யூரியா பெருமளவிற் கூடியது. வியப்பு யாதெனில், சேர்த்த ஓர்னிதைன் தீர்ந்துபோகவில்லை.

கிணற்றில் நீர் இறைக்கும் வாளியை எண்ணிக் கொள்ளுங்கள். வாளி வெறுமையாக இறங்குகிறது, நிறைந்து ஏறுகிறது, நீரை ஊற்றிவிட்டு மீண்டும் இறங்குகிறது. நீர் போய்விடுகிறது, வாளி மிஞ்சுகிறது. ஓர்னிதைனும் அவ்வாறே அமோனியாவையும் காபனீரொட்சைட்டையும் ஏற்றுக்கொண்டு, சில மாற்றங்களுக்கு உட்பட்டு, யூரியாவை வெளிவிட்டபின் மீண்டும் ஓர்னிதைனாகவே வந்து நிற்கிறது. 1932 இல் வெளியான இக்கண்டுபிடிப்பே யூரியா வட்டம் எனப்படுகிறது. உடலின் இரசாயனத் தாக்கங்கள் நேர்கோட்டில் மட்டுமன்றி வட்டமாகவும் நிகழலாம் என்பது இதனாற் புலனாயிற்று. 32 வயதிலேயே கிரெப்ஸின் பெயர் விஞ்ஞான உலகிற் பரவியது.

நாட்டை விட்டு வெளியேறல்

அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழாயிற்று. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஜேர்மனியின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஏப்ரல் மாதத்தில் யூதர்களை அரச பதவிகளிலிருந்து நீக்குவதற்கான சட்டம் வந்தது. அம்மாதத்திலேயே கிரெப்ஸ் வேலையிழந்தார். அவருடைய ஆய்விலோ ஒழுக்கத்திலோ எவரும் குறை காணவில்லை. அவர் பிறந்த இனம் ஒன்றே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். நேற்று வரை புகழ்ந்த பல்கலைக்கழகத்தின் கதவு இன்று அடைபட்டது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனவியற் பேராசிரியராக இருந்த சேர் பிரெடெரிக் கௌலண்ட் ஹொப்கின்ஸ் அவரை அழைத்தார். விற்றமின்கள் பற்றிய ஆய்வுக்காக 1929 இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். ரொக்பெல்லர் மன்றம் உதவிப்பணம் வழங்கியது. 1933 ஜூன் மாதத்தில் கிரெப்ஸ் இங்கிலாந்தை அடைந்தார். பெருஞ்செல்வம் எதனையும் அவர் கொண்டு செல்லவில்லை. ஆனால் இழையத் துண்டுகளின் சுவாசத்தை அளக்கும் தமது உபகரணங்களைக் கொண்டு செல்ல முடிந்தது. 1935 இல் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

சித்திரிக் அமில வட்டம்

ஷெபீல்டில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி முன்னையதிலும் பெரியது. உணவிலுள்ள காபன் எந்தப் படிகளினூடாகக் காபனீரொட்சைட்டாகிறது? இக்கேள்விக்குப் பலர் துண்டு துண்டாக விடை கண்டிருந்தனர். ஹங்கேரி நாட்டு அறிஞர் அல்பேர்ட் சென்ற்-ஜோர்ஜி, புறாவின் நெஞ்சுத்தசையை ஆராய்ந்தார். பறப்பதற்கு ஓயாது உழைக்கும் அத்தசை மிக வேகமாகச் சுவாசிப்பது. சக்சினிக், பியூமரிக், மலிக் ஆகிய அமிலங்களில் சிறிதளவு சேர்த்தாலே அதன் ஒட்சிசன் பயன்பாடு கூடுவதை அவர் காட்டினார். சித்திரிக் அமிலம் எவ்வாறு படிப்படியாக உடைகிறது என்பதை 1937 இல் ஜேர்மனியில் கார்ல் மார்ட்டியசும் பிரான்ஸ் நூப்பும் வெளிப்படுத்தினர். தேசிக்காய்ப் புளியில் நிறைந்திருக்கும் அதே சித்திரிக் அமிலந்தான்.

துண்டுகள் எல்லாம் மேசையில் இருந்தன. அவற்றை இணைக்கும் கண்ணி இல்லை. கிரெப்ஸ் தமது ஆய்வு மாணவர் வில்லியம் ஆர்தர் ஜோன்சனுடன் சேர்ந்து, புறாவின் தசைக்கு ஒட்சலோ அசற்றிக் அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தார். சித்திரிக் அமிலம் உருவாகியது. வரிசையின் கடைசிப் பொருள் முதற்பொருளை மீண்டும் ஆக்கியது. நேர்கோடாகத் தோன்றியது வட்டமாக மூடிக்கொண்டது. சக்சினிக் அமிலம் மேலும் மாறுவதை மலோனிக் அமிலத்தாற் தடுத்தபோது, வட்டத்தின் மறுபக்கத்தில் உள்ள பொருளைச் சேர்த்தாலும் சக்சினிக் அமிலமே தேங்கியது. வழி வட்டமானது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

வட்டத்தின் சாரம் எளியது. நான்கு காபன் கொண்ட ஒட்சலோ அசற்றிக் அமிலத்துடன் இரு காபன் கொண்ட துண்டொன்று சேர, ஆறு காபன் கொண்ட சித்திரிக் அமிலம் உண்டாகிறது. சுற்றி வருகையில் இரு காபன்கள் காபனீரொட்சைட்டாக வெளியேற, நான்கு காபன் கொண்ட அமிலம் மீளக் கிடைக்கிறது. இடையில் அகற்றப்படும் ஐதரசன் இறுதியில் ஒட்சிசனுடன் சேர்ந்து நீராகிறது. அப்போது வெளிப்படும் சக்தியைக் கொண்டே கலம் அடினோசின் முப்பொசுபேற்று எனப்படும் ஏ.ரீ.பி. யை ஆக்குகிறது. தசை சுருங்குவதற்கான சக்தியை நேரடியாக வழங்குவது இதுவே. இங்கும் அதே வாளிதான். இறைக்கப்படுவது மட்டும் வேறு.

1937 ஜூனில் கிரெப்ஸ் இதனைச் சிறு கடிதமாக எழுதி, புகழ்பெற்ற நேச்சர் சஞ்சிகைக்கு அனுப்பினார். ஏழு, எட்டு வாரங்களுக்குப் போதுமான கடிதங்கள் கைவசம் இருப்பதாகக் கூறி அது திருப்பி அனுப்பப்பட்டது. அவர் சோர்ந்து போகாது, ஆய்வை முழுக் கட்டுரையாக்கி, நெதர்லாந்தில் வெளியான என்சைமோலோஜியா என்னும் சஞ்சிகைக்கு அனுப்பினார். அவ்வாண்டே அது வெளியாகியது. இன்று உலகெங்கும் பாடநூல்களில் உள்ள வட்டம் முதலில் இவ்வாறு ஒதுக்கப்பட்டதே.

கொழுப்பமிலம் வட்டத்தைச் சேரும் வழி

மாணவர்களே, 1937 இன் வட்டத்தில் ஓர் இடைவெளி இருந்ததைக் கவனியுங்கள். ஒட்சலோ அசற்றிக் அமிலத்துடன் வந்து சேரும் அந்த இரு காபன் துண்டு உண்மையில் எது? அது அப்போது தெரியவில்லை. அந்த இடைவெளி நிரம்பியபோதுதான் கொழுப்பின் கதையும் வட்டத்தோடு இணைந்தது.

கொழுப்பின் கதை முன்னரே தொடங்கியிருந்தது. மேலே கூறிய பிரான்ஸ் நூப், 1904 இல் பிரைபேர்க்கில் ஒரு பரிசோதனை செய்தார். உடலில் எரியாத பென்சீன் வளையமொன்றைக் கொழுப்பமிலச் சங்கிலியின் முனையில் அடையாளமாகப் பொருத்தி, அதை நாய்களுக்கு ஊட்டினார். சிறுநீரில் வெளிவந்த பொருள்களை ஆராய்ந்து, சங்கிலி ஒவ்வொரு முறையும் இவ்விரு காபன்களாகவே வெட்டப்படுகிறது என்று முடிவுசெய்தார். இதுவே பீற்றா ஒட்சியேற்றம் எனப்படுவது.

1940 களில் பிரிட்ஸ் லிப்மன் ஐக்கிய அமெரிக்காவில் துணைநொதியம் ஏ என்னும் பொருளைக் கண்டறிந்தார். 1951 இல் பியோடர் லீனன் மியூனிக் நகரில், வட்டத்தினுள் நுழையும் இரு காபன் துண்டு அத்துணைநொதியத்துடன் பிணைந்தே வருகிறது எனக் காட்டினார். அதுவே அசற்றைல் துணைநொதியம் ஏ. குளுக்கோசும் கொழுப்பமிலமும் வந்து சந்திக்கும் சந்தி அது. இதற்கிடையில் 1948, 1949 ஆம் ஆண்டுகளில் யூஜின் கெனடி, அல்பேர்ட் லெனிஞ்சர் ஆகிய அமெரிக்க அறிஞர்கள், கொழுப்பமில ஒட்சியேற்றமும் கிரெப்ஸ் வட்டமும் இழைமணியினுள்ளேயே நிகழ்கின்றன என நிறுவினர்.

இனி இதயத்தைப் பாருங்கள். இதயத்தசைக் கலத்தின் கனவளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இழைமணிகளே நிரப்புகின்றன. கலத்தில் ஒரு நேரத்தில் உள்ள ஏ.ரீ.பி. சில விநாடிகளுக்கே போதுமானது. ஆகவே அதனை இடைவிடாது ஆக்கிக்கொண்டே இருக்கவேண்டும். குருதியிலிருந்து கொழுப்பமிலம் இதயக் கலத்தினுட் செல்கிறது. கார்னிற்றீன் என்னும் பொருளின் துணையுடன் இழைமணியின் உள்மென்சவ்வைக் கடக்கிறது. அங்கு இவ்விரு காபன்களாக வெட்டப்படுகிறது. உதாரணமாக, 16 காபன் கொண்ட பாமிற்றிக் அமிலம் 7 முறை வெட்டப்பட்டு 8 அசற்றைல் துண்டுகளாகிறது. அவை ஒவ்வொன்றும் கிரெப்ஸ் வட்டத்திற் சேர்கின்றன. இக்காலக் கணிப்பின்படி ஒரு பாமிற்றிக் அமில மூலக்கூறிலிருந்து தேறும் ஏ.ரீ.பி. மூலக்கூறுகள் 106 அளவில் ஆகும். ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து கிடைப்பது 30 அல்லது 32 மட்டுமே.

ஆயினும் கொழுப்பு எல்லா வகையிலும் மேலானது என எழுதிவிடாதீர்கள். ஒரே அளவு ஏ.ரீ.பி. ஆக்குவதற்குக் குளுக்கோசிலும் பார்க்கக் கொழுப்பமிலத்துக்கு அதிக ஒட்சிசன் வேண்டும். முடியுருநாடி அடைபட்டு ஒட்சிசன் வராதபோது கொழுப்பமிலத்தை எரிக்கவே இயலாது. அவ்வேளை குளுக்கோசு காற்றின்றிய முறையில் சிறிதளவு சக்தியைத் தரும். அது நெடுநேரத்துக்குப் போதாது. தசை இறக்கத் தொடங்கும். மாரடைப்பில் விரைந்த சிகிச்சை அவசியமாவது இதனாலேயே. தாயின் வயிற்றிலுள்ள சிசுவின் இதயம் பெரும்பாலும் குளுக்கோசையும் இலற்றிக் அமிலத்தையும் பயன்படுத்துகிறது. பிறந்து, சுவாசிக்கவும் பால் குடிக்கவும் தொடங்கிய பின்னரே அது கொழுப்பமிலத்துக்கு மாறுகிறது. இன்னுமொன்று: இதயம் கொழுப்பமிலத்தை எரிக்கிறது என்பதற்காகக் கொழுப்புணவை அளவின்றி உண்ணலாகாது. கலத்தினுள் எரியும் கொழுப்பமிலம் வேறு. நாடிச்சுவரிற் படியும் கொலஸ்திரோல் வேறு.

பிற்காலம்

கிரெப்ஸ் 1938 இல் மார்கரெட் பீல்ட்ஹவுஸ் என்னும் பெண்மணியை மணந்தார். 1939 இல் பிரித்தானியப் பிரசையானார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மனிதருக்கு விற்றமின் ஏ, விற்றமின் சி என்பன எவ்வளவு தேவை என்பதைக் கண்டறியும் ஆய்வுகளில் ஈடுபட்டார். 1945 இல் ஷெபீல்டிற் பேராசிரியரானார். 1953 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை லிப்மனுடன் பகிர்ந்துகொண்டார். வட்டத்தைக் கண்டவரும் அதன் வாயிற்கதவைக் கண்டவரும் ஒன்றாகக் கௌரவிக்கப்பட்டமை பொருத்தமே. 1954 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1958 இல் சேர் பட்டம் வழங்கப்பட்டது.

ஒக்ஸ்போர்டில் அவர் இதயத்தையே ஆராய்ந்ததும் உண்டு. பட்டினி இருக்கும்போது ஈரல் கொழுப்பமிலங்களிலிருந்து கீற்றோன் பொருள்களை ஆக்குகிறது. அவை வெறுங்கழிவுகள் எனப் பலர் கருதி வந்தனர். கிரெப்ஸ் 1961 இல் வில்லியம்சன் என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து, எலியின் இதயத்தினூடாகத் திரவத்தைச் செலுத்தி, குளுக்கோசு இருக்கும்போதும் இதயம் அசற்றோ அசற்றிக் அமிலம் என்னும் கீற்றோன் பொருளை எரிபொருளாகப் பயன்படுத்துவதைக் காட்டினார். உடல் எதையும் வீணாக்குவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

1967 இல் ஓய்வு பெற்ற பின்னரும் ஒக்ஸ்போர்ட் வைத்தியசாலையொன்றில் ஆய்வுகூடம் அமைத்து உழைத்தார். 1981 நவம்பர் 22 ஆம் திகதி தமது 81 ஆவது வயதில் காலமானார்.

நாம் பெறும் பாடம்

கிரெப்ஸ் வட்டம் ஒருவர் தனித்துச் செய்த மாயமன்று. வார்பேர்க்கின் அளவீட்டு முறை, சென்ற்-ஜோர்ஜியின் தசை, நூப்பின் வெட்டு, லிப்மனின் துணைநொதியம், லீனனின் இரு காபன் துண்டு என்பன எல்லாம் சேர்ந்தே அது முழுமை பெற்றது. கிரெப்ஸின் பெருமை, பிறர் கண்டவற்றை ஒழுங்காக அடுக்கி, இல்லாத கண்ணியைத் தமது பரிசோதனையாற் தேடியதில் உள்ளது. தெரியாத துண்டைத் தெரிந்ததாக அவர் நிறுவிவிடவில்லை. 14 ஆண்டுகள் கழித்து வேறொருவர் நிரப்பும் வரை அது கேள்வியாகவே இருந்தது. நீங்களும் விடை எழுதும்போது படிகளை மனனம் செய்வதுடன் நின்றுவிடாது, ஒரு படி ஏன் அடுத்த படிக்குச் செல்கிறது என்று கேட்டுப் பழகுங்கள்.

அவரது வாழ்க்கை இன்னொன்றையும் கூறுகிறது. 1933 இல் ஓர் அரசு பிறப்பைக் காரணங்காட்டி அவரைத் துரத்தியது. மற்றொரு நாடு இடங்கொடுத்தது. நட்டம் யாருக்கு, இலாபம் யாருக்கு என்பதை உங்களாலேயே கூறமுடியும். 2015 இல் அவருடைய நோபல் பதக்கம் குடும்பத்தினரால் ஏலத்தில் விற்கப்பட்டது. அப்பணம் அவர் பெயரிலான நிதியமொன்றுக்கு வழங்கப்பட்டது. தம் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்த விஞ்ஞானிகளுக்கும் இளம் ஆய்வு மாணவர்களுக்கும் உதவுவதே அந்நிதியத்தின் நோக்கம்.

நினைவிற் கொள்க

1900 – பிறப்பு
1932 – யூரியா வட்டம்
1933 – இங்கிலாந்து செல்லல்
1937 – சித்திரிக் அமில வட்டம்
1953 – நோபல் பரிசு
1981 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. கிரெப்ஸ் ஜேர்மனியை விட்டு வெளியேறக் காரணம் யாது?
2. ஓர்னிதைனை வாளிக்கு ஒப்பிடுவது எவ்வகையிற் பொருந்தும்?
3. புறாவின் நெஞ்சுத்தசை இவ்வாய்வுக்கு உகந்ததாக இருந்தது ஏன்?
4. 18 காபன் கொண்ட கொழுப்பமிலம் ஒன்று எத்தனை முறை வெட்டப்பட்டு எத்தனை அசற்றைல் துண்டுகளாகும்? பாமிற்றிக் அமில உதாரணத்தைக் கொண்டு கணிக்க.
5. ஒட்சிசன் தடைப்படும்போது இதயம் கொழுப்பமிலத்தைப் பயன்படுத்த முடியாமற் போவது ஏன் என விளக்குக.